நானும் டிரிஃப்ட் அடிச்சேன்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். அடியேன் புனேயில் பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். சொந்த ஊர் துறையூர். வண்டி 2013ல் வாங்கிய ஆல்டோ 800. ஸ்பீடாமீட்டரில் முள் 80ஐத் தாண்டினால் தங்கமணி தொண்டையைக் கனைப்பார், 90ஐத் தொட்டால் சமயபுரம் மாரியம்மனைக் கூப்பிடுவார். இப்பேர்ப்பட்டவன் டிரிஃப்ட் அடித்த கதை இது. அதுவும் பெற்ற தாயைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு.

முதலில் பெரியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 லாக்டவுனில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கிடார், எதிர்வீட்டுப் பெண் கேக். எங்கள் வீட்டில் டிரிஃப்ட். இனிஷியல் டி என்று ஒரு ஜப்பானியச் சித்திரக்கதை. ஷுய்ச்சி ஷிகேனோ என்பவர் 1995ல் தொடங்கி 2013 வரை எழுதியது. மலைமேல் இருக்கும் ஹோட்டலுக்கு விடிகாலையில் டோஃபு கொண்டுபோகும் ஒரு பையன், அப்பாவின் பழைய டொயோட்டா காரில் மலைப்பாதை வளைவுகளில் சறுக்கிச் சறுக்கியே பெரிய ஓட்டுநர் ஆகிவிடுகிறான். நம்மூர் கணக்கில் சொன்னால் பால் ஊற்றும் பையன் ரேஸ் ஜெயிக்கிற கதை. அந்தக் கார் ஏஇ86. 1983லிருந்து 1987 வரைதான் தயாரானது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாப்பாட்டு மேசையில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தினமும் பாடம் நடக்குமே! கேய்ச்சி சுசியா என்று ஒருவர், "டிரிஃப்ட் கிங்" என்று பட்டம். அவருக்கும் முன்னால் 1970களில் குனிமிட்சு தகஹாஷி என்று பைக் ரேஸிலிருந்து கார் ரேஸுக்கு வந்தவர், வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு எடுப்பதில் மன்னர். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதறியே, ஃபிசிக்ஸ்ல நோட்ஸ் எடுத்தியா?" என்பேன்.

"இதுவும் ஃபிசிக்ஸ்தான்பா."

"வாய் மட்டும் நல்லா பேசு."

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2022 மே மாதம். ஆல்டோவின் முன் டயர் இரண்டும் தேய்ந்து கம்பி எட்டிப் பார்க்கிற நிலை. நாலும் 2017ல் ஒன்றாகப் போட்டவை. 2019ல் ஒரே ஒரு தடவை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றினேன், அதோடு சரி. டயர் கடைக்குப் போனேன். பெரியவனும் கூட வந்தான். நாலையும் மாற்றிவிடலாம் என்றார்கள். கணக்குப்பிள்ளை மூளை அங்கேதான் வேலை செய்தது. பின்னால் இருப்பது பார்வைக்கு இன்னும் ஒரு வருஷம் ஓடும் போலத் தெரிந்தது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் ஆறாயிரம் ரூபாய் மிச்சம். வாங்கியாச்சு.

"முன்னாடி போடுங்க" என்றேன்.

"அப்பா, புதுசைப் பின்னாடி போடணும்பா" என்றான் பெரியவன்.

"டேய், எஞ்சின் இழுக்கறது முன் சக்கரம். திரும்பறது முன் சக்கரம். பிரேக் அதிகம் பிடிக்கறதும் முன் சக்கரம். பின்னாடி என்ன வேலை இருக்கு? சும்மா கூட உருண்டு வருது. வீடியோ பார்த்துட்டு எனக்கு வண்டி சொல்லித் தரியா?"

கடைக்காரப் பையன் சிரித்தான். பெரியவன் ஒன்றும் பேசாமல் போய் வாசலில் நின்றுகொண்டான். புது டயர்கள் முன்னால் ஏறின. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் ஆயிற்று. நானும் ஆறாயிரத்தை ஜெயித்த பெருமையோடு வீடு வந்தேன்.

ஜூலையில் அம்மா துறையூரிலிருந்து வந்தார். வந்த இரண்டாம் நாளே, "தம்பி, கிருஷ்ணா நதி இங்கதான் எங்கயோ பொறக்குதாமே" என்றார். பழைய மகாபலேஷ்வரில் பஞ்சகங்கா கோயில். கல்லால் ஆன பசுவின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அதுதான் கிருஷ்ணா பிறக்கும் இடம் என்று கும்பிடுகிறார்கள். ஜூலையில் அந்தப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று புனேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் தையல் பிரிந்த மாதிரி கொட்டும். ஆனாலும் அம்மா கேட்டு மறுக்க முடியுமா? நான், தங்கமணி, பெரியவன், சின்னவள், அம்மா. ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஒரு தூக்கு எலுமிச்சை சாதம். கிளம்பினோம்.

தரிசனம் நல்லபடியாக முடிந்தது. அம்மா ஒரு பாட்டிலில் கிருஷ்ணா தண்ணீர் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது பஞ்ச்கனியைத் தாண்டி வாயி ஊருக்கு இறங்குகிற பாசர்ணி காட். மழை, பனிமூட்டம், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு, நடுவில் இடுப்புயரத் தடுப்புச்சுவர். வண்டி மூன்றாவது கியரில் நாற்பது நாற்பத்தைந்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாக அதற்கு மேல் இல்லை.

இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு. பாதி திரும்பியிருக்கும்போது கீழேயிருந்து சிவப்பு எஸ்.டி. பஸ் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தது. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் மட்டும் எங்களை விட்டுவிட்டு வலப்பக்கம் கிளம்பிவிட்டது. ஊரில் மாட்டு வண்டியின் பின்னால் யாரோ பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. சத்தம் கூட இல்லை. ஸ்டீரிங் கையில் லேசாக இருந்தது. கண்ணாடியில் மலை, பிறகு வந்த வழி, ஒரு டீக்கடை போர்டு எல்லாம் வரிசையாக ஓடின. சின்னவள் "அப்பா" என்றாள். வண்டி அரைவட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி, எதிர்த்தடத்தில் நின்றது. பின் பம்பர் தடுப்புச்சுவரில் 'டொக்' என்று இடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தேன். அது முழுக்க பஸ்ஸின் முகம். வேறு எதுவும் தெரியவில்லை. பத்தடி இருந்தால் அதிகம்.

பஸ் டிரைவர் மழையில் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மனுஷன் திட்டவில்லை. எங்கள் ஐந்து முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நேராகப் பின் சக்கரத்துக்குப் போய்க் குனிந்து, கட்டைவிரலால் டயரைத் தடவினார்.

"ஸாப், பீச்சே கே டயர் தோ கஞ்சே ஹோ கயே" என்றார்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏண்டா, அந்த ஆளு கஞ்சாங்கறான்? போலீஸ்கிட்ட சொல்லிடுவானா? நாம ஒண்ணும் வெச்சிருக்கலையே!"

இந்தியில் கஞ்சா என்றால் வழுக்கை. டயர் மொட்டையாகிவிட்டது என்கிறார் அவர். இதை அம்மாவுக்கு விளக்கும்போது தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார். பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வந்து வண்டியைத் தள்ளித் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து வாயி வரை இருபதில் உருட்டினேன். கை நடுக்கம் புனே வந்தும் நிற்கவில்லை. அம்மா வழியெல்லாம் "சமயபுரத்தா காப்பாத்திட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தார்.

பெரியவன் மட்டும் வாயே திறக்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்படவாவது வழி இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அவன் அறைக்குப் போனேன். "அந்த நோட்டை எடு" என்றேன்.

எடுத்தான். ஒரு பக்கத்தில் மேலிருந்து பார்த்த மாதிரி கார் படம். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் எண்கள். தலைப்பு: லேசான வண்டி, குறைந்த பவர், டிரிஃப்ட் செட்டப். அதில் டயருக்கு நேரே எழுதியிருந்தது: முன்னால் நல்ல பிடிப்புள்ள டயர். பின்னால் கடினமான, தேய்ந்த டயர்.

"அப்பா, நீங்க மே மாசம் போட்டது இதுதான்பா" என்றான் மெதுவாக.

எனக்குத் தொண்டை அடைத்தது. "எனக்குப் புரியற மாதிரி முதல்லேர்ந்து சொல்லு" என்றேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

வண்டி ரோட்டோடு பேசுவது நாலு இடத்தில்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவு. எங்கள் ஆல்டோவுக்கு 145/80 ஆர்12. அதாவது 145 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 12 அங்குல ரிம். வளைவில் அந்த நாலு உள்ளங்கையும் சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னிரண்டு முதலில் பிடியை விட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். அதற்கு அண்டர்ஸ்டீர் என்று பெயர். பின்னிரண்டு முதலில் விட்டால் வால் வெளியே போகும். அது ஓவர்ஸ்டீர். டிரிஃப்ட் என்பது அந்த ஓவர்ஸ்டீரைத் தெரிந்தே வரவழைத்து, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரால் தாங்கிப் பிடித்துக்கொண்டே போவது.

அதற்காகச் சக்கரங்களை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதுதான் அலைன்மென்ட். மூன்று சொற்கள்தான். டோ, கேம்பர், காஸ்டர்.

டோ என்றால் மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. நாம் நிற்கும்போது கால் கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். கேம்பர் என்பது எதிரே நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது. மேல்விளிம்பு உள்ளே சாய்ந்தால் நெகடிவ் கேம்பர். காஸ்டருக்கு சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்துதானே இருக்கும்? அதனால்தான் கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேரே போகிறது. காரிலும் அந்தச் சாய்வு உண்டு.

டிரிஃப்ட் வண்டியில் முன் சக்கரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து டிகிரி வரை நெகடிவ் கேம்பர் வைப்பது சாதாரணம். பார்த்தால் கால் அகட்டி நிற்கிற மாதிரி இருக்கும். ஏனென்றால் சறுக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும், ஸ்டீரிங்கோ எதிர்ப்பக்கம் முழுக்கத் திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் பாரத்தைத் தாங்குகிற முன் டயர் தரையில் படிந்து உட்கார வேண்டும். காஸ்டரையும் கூட்டி வைப்பார்கள். அப்போது வால் வெளியே போனதும் ஸ்டீரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று வரும், ஓட்டுபவர் கையைத் தளர்த்தினால் போதும். முன்னால் லேசாக டோ-அவுட், திருப்பியதும் மூக்கு சட்டென்று கேட்பதற்கு. பின்னால் கேம்பர் கிட்டத்தட்டப் பூஜ்யம், டயர் முழு அகலத்தில் உட்கார. பின் டோ பூஜ்யம் அல்லது துளி உள்ளே, சறுக்கும்போதும் வண்டி முன்னோக்கிப் போவதற்கு.

"ஆனா ஏஇ86ல பின்னாடி இதெல்லாம் மாத்தவே முடியாதுப்பா. ரெண்டு பின் சக்கரத்துக்கும் ஒரே அச்சு. நம்ம ஆல்டோலயும் அப்படித்தான். அதனால முன்னாடி அலைன்மென்ட், பின்னாடி டயர். இதை வெச்சுத்தான் விளையாடணும்."

பவர் குறைந்த லேசான வண்டிக்கு டயர்தான் பெரிய சூத்திரம் என்றான். நூற்றுக்கணக்கான குதிரைசக்தி உள்ள வண்டி எந்த டயரையும் சுழற்றிவிடும். அதற்குப் பின்னாலும் நல்ல பிடிப்புள்ள டயர் வேண்டும், இல்லாவிட்டால் சுழன்றுகொண்டே நிற்கும். ஏஇ86 மாதிரி சிறிய எஞ்சினுக்கு அந்த வலு கிடையாது. அதனால் பின்னால் ஒல்லியான, கடினமான டயர் போட்டு, காற்றையும் கொஞ்சம் கூட அடித்து, பிடியைக் குறைத்துத் தருகிறார்கள். முன்னால் மட்டும் நல்ல ரப்பர்.

"நம்ம வண்டி முன்சக்கர இழுவை. அதால நிஜ டிரிஃப்ட் பண்ண முடியாது. ஆனா வால் வெளிய போறதுக்கு இழுவை எதுக்குப்பா? இறக்கத்துல ஏற்கெனவே பாரம் முன்னாடி இருக்கு. நீங்க ஆக்சிலேட்டரை விட்டுட்டு பிரேக் வெச்சதும் மிச்ச பாரமும் முன்னாடி போச்சு. பின்னாடி டயர் லேசாயிடுச்சு. கீழ தண்ணி. டயர்ல தண்ணி ஓட பள்ளம் இல்ல. புது டயர் முன்னாடி கெட்டியா பிடிச்சுது, பின்னாடி பிடிக்க ஒண்ணும் இல்ல."

"சும்மா கூட உருண்டு வருதுன்னு சொன்னேனே" என்றேன்.

"அது உருண்டு வரலைப்பா. வண்டி நேரா போறதே அதனாலதான். அம்புக்கு இறகு மாதிரி."

முன் டயர் பிடியை விட்டால் ஸ்டீரிங்கில் தெரியும், நாம் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். பின் டயர் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் விடும். சுசியா மாதிரி ஆட்கள் அதைத் திரும்பப் பிடிக்க வருஷக்கணக்காகப் பழகியவர்கள். என் மாதிரி எக்செல் ஷீட் தட்டுகிறவனுக்கு அந்த ஒரு வினாடியில் ஒன்றும் செய்ய வராது. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் வாங்கினால், முன்சக்கர இழுவையோ பின்சக்கர இழுவையோ, புதியதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள்.

நோட்டை மூடினேன். "சாரிடா" என்றேன். பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு, "அப்பாயிதான் நடுவுல உட்கார்ந்திருந்தாங்க, பெல்ட் போடல" என்றான். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாளே நாலு டயரும் ஒரே மாதிரி வாங்கிப் போட்டேன். இரண்டு மாதமே ஓடிய முன் டயர் இரண்டில் ஒன்று ஸ்டெப்னி ஆனது, இன்னொன்று வீணாகத்தான் போயிற்று. ஆறாயிரம் மிச்சம் பிடித்த கணக்கு எங்கே போய் முடிந்தது பாருங்கள். அலைன்மென்ட் மெஷினில் வண்டியை ஏற்றியபோது இந்தத் தடவை நான் டீ குடிக்கப் போகவில்லை. பெரியவனோடு திரைக்கு முன்னால் நின்றேன். பச்சை எண்களுக்கு நடுவில் முன் டோ மட்டும் சிவப்பு. எத்தனை பள்ளத்தில் இறங்கி ஏறியதோ.

அங்கே நின்றபடி ஒரு கணக்குப் போட்டேன். தொழில் புத்தி. சக்கரம் போகிற திசைக்கு ஒரு டிகிரி தப்பாகப் பார்த்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. புனேயிலிருந்து கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம் வழியாக எங்கள் ஊர்ப்பக்கம் போக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஊர் போய்ச் சேர்வதற்குள் டயர் 21 கிலோமீட்டர் குறுக்கே தேய்த்துக்கொண்டு போயிருக்கும்! முழு ஒரு டிகிரி தப்புவது அதிகம்தான், பாதி தப்பினாலே பத்து கிலோமீட்டர். வருஷா வருஷம் பொங்கலுக்கும் சித்திரைக்கும் குடும்பத்தோடு வண்டியில் ஊருக்குக் கிளம்புகிற நம்மவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பட்டுத் தெரிந்துகொண்டதில் உங்களுக்கும் உதவுவதாகச் சில:

1. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. அதைவிட நல்லது, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றி, நாலையும் ஒன்றாகத் தேய விட்டு, நாலையும் ஒன்றாக மாற்றுவது.

2. டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். நம் நாட்டுச் சட்டப்படி காருக்கு அதுதான் கடைசி எல்லை. மழைக்கு அது வரை காத்திருக்காதீர்கள்.

3. டயரின் பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும். என் பழைய டயரில் 2317. அதாவது 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போகும்.

4. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் கேம்பரோ டோவோ தப்பு. குறுக்கே தடவும்போது ரம்பம் மாதிரி ஒரு பக்கம் வழவழப்பு, திரும்பத் தடவினால் சொரசொரப்பு என்றால் டோ. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு அலைன்மென்ட். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால் அநேகமாக பேலன்சிங்.

5. அலைன்மென்ட் ஆனதும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அதில் இருக்கும். ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள்.

6. பின் சீட்டிலும் பெல்ட். நடுவில் உட்காருகிற அம்மாவுக்கும் சேர்த்து.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பெரியவன் 2023ல் இங்கேயே மெக்கானிகல் சேர்ந்தான். கல்லூரியில் மாணவர்களே வண்டி கட்டி ஓட்டும் குழு ஒன்று இருக்கிறது, அதில் சஸ்பென்ஷன் வேலை. 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, ஒரு இடத்துக்கு வரீங்களா?" என்றான். ஊருக்கு வெளியே அவன் சீனியர் ஒருவனின் சித்தப்பாவுக்குச் சொந்தமான நிலம். நாலு பக்கமும் வேலி, நடுவில் மழையில் ஊறிய செம்மண் மைதானம். அங்கே ஒரு பழைய ஜிப்ஸி. இப்போது தயாரிப்பில் இல்லாத வண்டி. ஒரு டன் சுமார் எடை, நாலு சக்கரத்துக்கும் பட்டைவில். டூ-வீல் டிரைவில் போட்டால் பின் சக்கரம்தான் தள்ளும்.

பையன்கள் பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லதை எடுத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த மொட்டை டயர் இரண்டைப் போட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"இந்த வண்டில டோ மட்டும்தான் மாத்த முடியும்பா. கேம்பர் கேஸ்டர் எல்லாம் அச்சோட அப்படியே. அதனால டயர்தான். முன்னாடி நல்லது, பின்னாடி மொட்டை. உங்களுக்குத் தெரிஞ்ச செட்டப்புதானே?" என்று கண்ணடித்தான்.

ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு, சீனியர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு சுற்று சும்மா போனான். இரண்டாவது சுற்றில் திருப்பி, ஆக்சிலேட்டரை அழுத்தினான். பின்பக்கம் கிளம்பியது. அதே உணர்வு. யாரோ பின்னால் பிடித்துத் தள்ளுகிற அதே தள்ளல். கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை அரைவட்டம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் ஸ்டீரிங் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி குறுக்கே நின்றபடி முன்னால் போகிறது, சேறு விசிறி மாதிரி பறக்கிறது. அந்தப் பையனின் முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. எங்கே எவ்வளவு சறுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேலி தூரத்தில் இருந்தது. எதிரே பஸ் இல்லை. பின் சீட்டில் யாரும் இல்லை.

இறங்கும்போது கால் ஆடியது. பெரியவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருக்குடா. இதை இங்க மட்டும் பண்ணு. ரோட்டுல வேண்டாம்."

"ரோட்டுலயா? நானாப்பா?" என்று சிரித்தான். ரோட்டில் அதைச் செய்தது யார் என்று அவன் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்புமுன் பையன்கள் மொட்டை டயரைக் கழற்றி நல்லதைப் பின்னால் மாட்டிய பிறகே ஜிப்ஸியை வெளியே எடுத்தார்கள். யாரும் சொல்லாமலே செய்தார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

அம்மா இப்போது துறையூரில்தான் இருக்கிறார். நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி தவறாமல் போன் வரும். முன்னெல்லாம் "முறுக்கு சுட்டு வெச்சிருக்கேன், பார்த்து வாங்க" என்பதோடு முடிந்துவிடும். இப்போது இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறது.

"தம்பி, பின்னாடி டயரு கஞ்சா இல்லையே?"

"இல்லம்மா."

"நீ சொன்னா நம்பமாட்டேன். பேரன்கிட்ட போனைக் குடு."